ராகு நிற்கும் இடம்

கிரகணத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசப் போகும் வானியலாளர்களிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் நிலா வந்தால் சூரிய கிரகணம் என்கிறீர்கள். மாதாமாதம் அமாவாசை வருகிறதே, அப்போதெல்லாம் ஏன் பிடிப்பதில்லை?" பாடப்புத்தகம் ஒரு படத்தைப் போட்டுக் கடந்துவிட்ட இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்ட கேள்வி. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பதிலுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

வானத்தில் சூரியன் ஒரு வருஷத்தில் சுற்றிவரும் பாதை ஒன்று, நிலா ஒரு மாதத்தில் சுற்றிவரும் பாதை இன்னொன்று. இரண்டும் ஒரே தளத்தில் இல்லை. ஒரே அளவு வளையல்கள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக லேசாகச் சாய்த்துப் பிடித்தால் எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் வெட்டிக்கொள்ளும் அல்லவா, அப்படி. சாய்வு சுமார் 5 பாகை. அது என்ன பெரிய சாய்வு என்று தோன்றலாம். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் சூரிய வட்டத்தின் அகலமே அரைப் பாகைதான். அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிப் போய்விடுகிறது. அதன் நிழல் பூமியைத் தொடுவதில்லை. அந்த வெட்டுப் புள்ளிகளில் ஒன்றின் பக்கத்தில் சூரியன் இருக்கும் நாட்களில் அமாவாசையும் வாய்த்தால்தான் கிரகணம். உலகம் முழுவதற்குமாக வருஷத்துக்குக் குறைந்தது இரண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து.

அந்தப் புள்ளிகள் நமக்குப் புதியவை அல்ல. பஞ்சாங்கக் கணக்கில் ராகு என்பது நிலா சூரியப் பாதையை வடக்கு நோக்கிக் கடக்கும் புள்ளி, கேது தெற்கு நோக்கிக் கடக்கும் புள்ளி. ஜாதகக் கட்டத்தில் இரண்டும் எப்போதும் ஒன்றுக்கொன்று ஏழாம் இடத்தில் நிற்பதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை ராகு கேது பெயர்ச்சி என்று திருநாகேஸ்வரத்தில் கூட்டம் கூடுகிறதே, அந்த ஒன்றரையைப் பன்னிரண்டு ராசியால் பெருக்கிப் பாருங்கள், பதினெட்டு வருஷம். சூரியனின் ஈர்ப்பு நிலாவின் பாதையை மெல்லப் பின்னோக்கித் திருகிக்கொண்டே இருப்பதால், வெட்டுப் புள்ளிகள் ஒரு சுற்று முடிக்க 18.6 ஆண்டு ஆகிறது என்கிறது வானியல். ராகுவும் கேதுவும் ராசிகளில் பின்னோக்கி நகர்வதும் இதனால்தான். பாம்பு விழுங்கும் கதையைக் கிண்டலடித்தே பேச்சைத் தொடங்கும் விளக்குநர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கேட்பவருக்குப் பாதி தெரிந்த விஷயத்தை வீணடிக்கிறார்கள்.

அந்தப் பஞ்சாங்கக் கணக்கு எப்படி நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம். 1825 மே 31 அன்று தொடங்கிய சந்திர கிரகணத்தைப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் கணித்த விதத்தை ஜான் வாரன் என்பவர் பதிவுசெய்திருக்கிறார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு வாக்கியங்களை வைத்தே முடித்துவிட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவிலும் முடிவிலும் பிழை கூடிவிட்டது, இருக்கட்டும்.

இந்த மரபையும் தொலைநோக்கியையும் ஒருசேர அறிந்தவர் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து நோக்கியவர். (சூரியனின் நிறமாலையில் அன்று பலர் கண்ட மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியத்தைக் காட்டிக்கொடுத்தது.) 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்களுக்காக அதை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். இந்திய மொழிகளிலும் அது வெளிவந்தது. பண்டிதர் கேட்கிறார், வானியலாளர் பதில் சொல்கிறார் என்ற உரையாடல் வடிவம். இன்றைக்கும் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

சரி, சில கிரகணங்களில் மட்டும் சுற்றிலும் நெருப்பு வளையம் நிற்பது ஏன்? சூரியன் நிலாவைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரியது, ஏறக்குறைய 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால் பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு. இதற்குக் காரணம் எதுவும் கிடையாது, வெறும் தற்செயல். நிலா தன் நீள்வட்டத்தில் தூரமாக இருக்கும்போது கொஞ்சம் சிறுத்துவிடும், சூரியனை முழுதாக மூடப் போதாது. 2010 ஜனவரி 15 அன்று ராமேஸ்வரத்திலும், 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கமும் நாம் பார்த்தது அந்த வளையம்தான். 2010இல் வளையம் பத்து நிமிடம் போல நீடித்தது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, சூரியன் சற்றே பெரிதாகத் தெரிகிறது. நிலாவோ அப்போது தூரத்தில் இருந்தது.

கிரகணத்தன்று சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் கிளம்புவதில்லை. சமைத்த சாதத்துக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. கண் விஷயம் மட்டும் நிஜம். மற்ற நாட்களில் கூசும், நாமே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கிரகணத்தில் கூச்சம் குறைந்துவிடும், மிச்சமிருக்கும் பிறையோ அதே சூடோடு விழித்திரையைச் சுடும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதுதான் ஆபத்து. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எல்லாம் உதவாது. கிரகணக் கண்ணாடி இல்லையென்றால் மரத்தடிக்குப் போங்கள். இலை இடுக்கு வழியே தரையில் விழும் ஒளிப்பொட்டுகள் ஒவ்வொன்றும் பிறையாக இருக்கும்.

நமக்கு இது வேடிக்கை. விஞ்ஞானிகள் பாடுபட்டுக் கிரகணத்தைத் துரத்தியதோ கரோனாவுக்காக, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்துக்காக. சூரியப் பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே இருக்கும் கரோனா பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. அடுப்பைவிட்டு விலக விலகச் சூடு ஏறுவது எப்படி என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. கரோனாவின் ஒளி மிக மங்கலானது, சூரிய வட்டம் மறைந்தால்தான் தெரியும். முழுக் கிரகணமோ ஓரிடத்தில் சில நிமிடங்களே நிற்கும். அதனால் 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, சூரிய வட்டத்தின் ஒளியைக் கருவிக்குள்ளேயே விலக்கிவிட்டு கரோனாவை ஆராய்கிறது.

நமக்கு அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21. பாதை தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாக யாழ்ப்பாணம் போகிறது. மதுரைக்காரர்கள் கண்ணாடியை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது, கடைசி வாரத்தில் கிடைக்காது.