3.70 எல்லா இடத்திலும் ஒன்றுதானா?

புத்தளம் களப்போரக் கிராமமான கரைத்தீவில் உயர்தரப் பெறுபேறு வெளியானால், "இசட் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலால், மருத்துவமும் பொறியியலும் படிக்கத் தமிழ் மொழிமூல மாணவர் கூடுதல் வெட்டுப்புள்ளியை எட்ட வேண்டியிருந்தது. அடுத்து மாவட்ட ஒதுக்கீடு வந்தது. 2001 அளவில் அறிமுகமான இசட் புள்ளி, பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் வேறுபடும் சிக்கலைத் தீர்க்க முயன்றது.

கணக்கு எளிது. மாணவரின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். சராசரி 40, விலகல் 10 உள்ள பாடத்தில் 60 எடுத்தவருக்கு இசட் 2. சராசரி 60, விலகல் 15 உள்ள பாடத்தில் 75 எடுத்தவருக்கு 1 மட்டுமே. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தபோது, 2012இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது.

நுழைவாயிலில் இவ்வளவு கவனம் காட்டும் நாடு, உள்ளே போனபின் அதைக் கைவிட்டுவிடுகிறது. நமது பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளரே கற்பித்து, வினாத்தாள் தயாரித்து, திருத்துகிறார். இரண்டாம் திருத்துநர் பார்த்தாலும், ஒரு துறை கண்டிப்பாகவும் மற்றொன்று தாராளமாகவும் புள்ளியிடுவதை அது சமன்செய்யாது. ஆனால் 4.00 அளவுகோலில் சராசரித் தரப்புள்ளி 3.70 பெற்றால் முதலாம் வகுப்பு என்பதே பொதுவான வழக்கம். பாதிப் பேர் அதை எட்டிய துறையும், ஒருவர் மட்டுமே எட்டிய துறையும் வேலைக்கு ஆள் எடுப்பவர் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகின்றன.

எல்லைகளைக் கடந்தால் குழப்பம் இன்னும் கூடும். பிரித்தானியாவில் 70 வீதம் முதலாம் வகுப்பு. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 60 வீதமே முதல் வகுப்பு. இதற்காகவே ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிடையே பாடப் பெறுபேறுகளை மாற்றிக்கொள்ளும் இசிடிஎஸ் முறையின் வழிகாட்டி, ஒவ்வொரு தரத்தையும் எத்தனை வீதத்தினர் பெற்றார்கள் என்ற அட்டவணையை வெளியிடச் சொல்கிறது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதையே இங்கும் கட்டாயமாக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் தரத்துக்கு அருகிலும் அந்த ஆண்டுப் பரம்பலை அச்சிட்டால் போதும். புதிய பரீட்சையோ புதிய சட்டமோ தேவையில்லை. பின்தங்கிய மாவட்டம் என்ற ஒதுக்கீட்டில் நுழையும் புத்தளம் பிள்ளை, கண்டிப்பான துறையில் உழைத்துப் பெற்ற பி பிளஸின் உண்மையான பெறுமதி அப்போதுதான் எவருக்கும் தெரியும்.