செம்பனை ஆலைக் குளமும் மீத்தேன் வாயுவும்

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்கள் செம்பனை எண்ணெய் ஆலையை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். ஆலைக்குப் பின்புறத்தே வரிசையாகக் குளங்கள் இருக்கும். நீர் கறுத்துக் கிடக்கும். அதன்மேல் ஏடு படிந்திருக்கும். அந்த ஏட்டைக் கிழித்துக்கொண்டு ஓயாமல் குமிழிகள் எழுந்து உடையும். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து செல்வோரே மிகுதி. நாற்றத்தின் தொல்லை நம் மூக்கோடு போய்விடும். ஆனால் அக்குமிழிகளில் மிகுதியாக உள்ள வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதுவோ உலகின் வெப்பத்தையே கூட்டுகிறது. அது எவ்வாறு பிறக்கிறது, அதனை எவ்வாறு அடக்கலாம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

குமிழியின் பிறப்பு

1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெஸாண்ட்ரோ வோல்டா, மாஜியோரே ஏரிக்கரையின் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்தார். அவ்வாயு தீப்பற்றி எரிந்தது. சதுப்பு வாயு என வழங்கிய அதனையே இன்று மீத்தேன் என்கிறோம். ஒரு கரி அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது அது.

சேற்றில் அதனை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். பார்வைக்கு இவை பாக்டீரியாக்களைப் போன்றவை. எனினும் தனிக்குலத்தைச் சேர்ந்தவை. இவ்வுண்மையை அமெரிக்க அறிஞர்களான கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆகிய இருவரும் 1977இல் நிலைநாட்டினர். பிராணவாயு இவற்றுக்குப் பகை. ஆதலால் காற்றுப் புகாத சேறு, நீர் தேங்கிய நெல்வயல், மாட்டின் இரைப்பை, குப்பைமேட்டின் அடிப்பாகம் ஆகியவற்றில் இவை குடியிருக்கின்றன. வேறு நுண்ணுயிர்கள் முதலில் கொழுப்பையும் சர்க்கரையையும் சிதைத்து, அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றி வைக்கும். கடைசிப் பந்தியில் அமரும் இவை, எஞ்சியதை உண்டு மீத்தேனை வெளிவிடும்.

ஆற்றைக் காத்த சட்டம்

செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைத்துப் பிழிந்தே எண்ணெய் எடுக்கிறார்கள். ஒரு டன் எண்ணெய் கிடைத்தால், அதனுடன் ஏறக்குறைய 2½ முதல் 3 டன் வரை கழிவுநீரும் வரும். எண்ணெய்ப் பசையும் பழத்தின் சக்கையும் கலந்த இக்கழிவு ஆற்றில் சேருமானால், அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சித் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மாளும். ஒரு லிட்டர் ஆலைக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். வீட்டுச் சாக்கடை நீருக்கு வேண்டியதைப்போல் இது நூறு மடங்கு எனலாம்.

இக்கொடுமையை நிறுத்த மலேசிய அரசாங்கம் 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தையும், 1977இல் செம்பனை ஆலைகளுக்கெனத் தனி விதிகளையும் இயற்றியது. அந்த 25,000 என்னும் அளவு 1978இல் 5,000 ஆகக் குறைய வேண்டும். படிப்படியாக இறங்கி 1984இல் 100 ஆக வேண்டும் என்பது விதி. ஆலைகள் குளங்களை வெட்டின. ஆழமான குளங்களில் கழிவு பல வாரங்கள் தங்கிற்று. நுண்ணுயிர்கள் கூலியின்றி வேலை செய்தன. தெளிந்த நீர் வெளிவந்தது. ஆறுகளுக்கு அது பெரும் நன்மை. ஆயினும், நீரை விட்டு நீங்கிய அழுக்கு எங்கே போயிற்று? அதன் பெரும்பகுதி வாயுவாகி வானத்தில் ஏறிற்று.

ஒரு சிறு கணக்கு

ஒரு டன் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் வாயு எழும்பும். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேன். ஒரு டன் எண்ணெய்க்கு 2½ டன் கழிவு எனக் கொண்டால், 42 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். அதன் எடை சுமார் 27 கிலோ. நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீத்தேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பம் தருவது. ஆகவே, ஒவ்வொரு டன் எண்ணெய்க்கும் முக்கால் டன் கரியமில வாயுவை வெளிவிட்டதற்கு ஒப்பான தீங்கு திறந்த குளத்தால் நேர்கிறது. இக்கணக்கை மாணவர்களே கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

குளத்திற்கு மூடி

நெல்வயலிலும் இதே நுண்ணுயிர்கள் உண்டு. அங்கே பரிகாரம் எளிது. எப்பொழுதும் நீரைத் தேக்கி வைக்காமல், நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மீண்டும் பாய்ச்சினால் மண்ணில் காற்றுப் புகும். மீத்தேன் ஏறக்குறைய பாதியளவு வரை குறையும்.

ஆலைக் குளத்திலோ கழிவு மிகச் செறிவானது. அதற்குள் போதிய காற்றைச் செலுத்துவதற்கு மின்சாரச் செலவு கட்டுப்படியாகாது. எனவே, நுண்ணுயிர்களை அவற்றின் வேலையைச் செய்யவிட்டு, வாயுவை மட்டும் பிடித்துக்கொள்வதே அறிவுடைமை. குளத்தின்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துகிறார்கள். அல்லது மூடிய தொட்டியில் கழிவைப் புளிக்கவிடுகிறார்கள். சேர்ந்த வாயுவிலிருந்து, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடை நீக்கிய பின், அதைக்கொண்டு எந்திரத்தை ஓட்டி மின்சாரம் எடுக்கலாம். அதற்கு வழியில்லையெனில், வெறுமனே கொளுத்திவிட்டாலும் நன்மையே. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2¾ கிலோ கரியமில வாயுவாகும். அதுவும் பனை முன்பு காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே.

தடை எங்கே?

இவ்வளவு எளிதாயின் எல்லா ஆலைகளும் ஏன் மூடவில்லை என்று கேட்கலாம். ஆலைகள் தங்கள் சக்கை நாரையும் ஓட்டையும் எரித்தே நீராவியும் மின்சாரமும் பெறுகின்றன. வாயுவால் வரும் மின்சாரத்தை வெளியே விற்கவேண்டும். பல ஆலைகளுக்கு மின்கம்பி வெகுதூரம். 2011இல் வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் இத்தகைய மின்சாரத்தை விற்பதற்கு வழிசெய்தது. 2014 ஜனவரி முதல் புதிய ஆலைகளும், உற்பத்தியைப் பெருக்க விரும்பும் பழைய ஆலைகளும் மீத்தேனை அடக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்ற விதியும் வந்தது. பெருக்க விரும்பாத பழைய ஆலைகளை அவ்விதி கட்டுப்படுத்தவில்லை.

2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் உருவான உலக மீத்தேன் உறுதிமொழியில் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்தன. 2020இல் இருந்த அளவில் 30 விழுக்காட்டை உலகம் 2030க்குள் குறைப்பதே அதன் நோக்கம். மீத்தேன் காற்றில் தங்குவது சுமார் பன்னிரண்டு ஆண்டுகளே. ஆகையால், இன்று ஒரு குளத்தை மூடினால் அதன் பயனை இன்று பள்ளியில் பயிலும் பிள்ளைகளே காண்பர்.

செத்து மிதந்த மீன்களைக் கண்டு அன்று சட்டம் செய்தோம். இந்த வாயுவால் எந்த மீனும் நம் கண்முன் மிதக்கப்போவதில்லை. காணாத கேட்டைக் கணக்கால் உணர்ந்து, காலத்தில் பரிகாரம் தேடுவதே விஞ்ஞானக் கல்வியின் பயன்.