தண்ணீர் போகும் வழியைச் சொல்லும் படம்!
கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை எங்கே கட்டலாம்? கம்ப்யூட்டரிடம் கேளுங்கள்!

ஒரு மனை விலைக்கு வருகிறது. வாங்குகிறவர் என்ன பார்ப்பார்?

ரோடு பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்பார். பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பார்.

"மழை பெய்தால் இங்கே தண்ணீர் எந்த வழியாகப் போகும்?" என்று கேட்பவர் மிகச் சிலரே.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஏன் என்றால், இது ஏரிகளின் சீமை!

சங்கிலி ஏரிகள்

இங்குள்ள பல ஏரிகள் தனித்தனியானவை அல்ல. சங்கிலி போல ஒன்றோடு ஒன்று கோத்தவை.

மேட்டில் உள்ள ஏரி நிரம்பினால், மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியேறும். வாய்க்காலில் ஓடி, அடுத்த ஏரியை நிரப்பும். அது நிரம்பினால் அதற்கு அடுத்தது. கடைசியில் மிஞ்சுவது ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் கலந்து கடலுக்குப் போகும்.

நடுவில் ஒரு வாய்க்காலை மூடினால் என்ன ஆகும்? கீழே உள்ள ஏரி காயும். மேலே உள்ள ஊரில் வெள்ளம் புகும். ஒரு தவறு, இரண்டு தண்டனை!

சென்னையின் தாகத்தைத் தீர்ப்பதும் இந்த மாவட்டம்தான். பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் கட்டப்பட்டது. சோழவரமும் புழலும் இங்கேதான் இருக்கின்றன. 2020-ல் கும்மிடிப்பூண்டி தாலுகாவில் இரண்டு ஏரிகளை இணைத்து, கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் அமைந்தது. அதன் கொள்ளளவு 50 கோடி கன அடி.

அதே தாலுகாவில் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. இரும்பு ஆலைகள் புகை விடுகின்றன. தேர்வாய்கண்டிகையிலும் ஒரு சிப்காட் இருக்கிறது.

2022-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோ மீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோ மீட்டராக அரசு விரிவாக்கியது. திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும் பகுதி அதற்குள் வந்துவிட்டது.

வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டுக்கும் இடம் ஒதுக்குவது எப்படி?

தாள் மேல் தாள்

இதற்குத்தான் ஒரு புதுமையான படம் உதவுகிறது. அதன் பெயர் புவியியல் தகவல் முறை. சுருக்கமாக, ஜி.ஐ.எஸ்.

கண்ணாடி போன்ற சில தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மேடு பள்ளத்தை வரையுங்கள். இன்னொன்றில் ஏரி, குளம், வாய்க்கால். மூன்றாவதில் ரோடும் ரயில் பாதையும். நான்காவதில் வீடுகள். ஐந்தாவதில் நஞ்செய், புஞ்செய், சர்வே எண்கள்.

எல்லாத் தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். எந்த வீடு பள்ளத்தில் இருக்கிறது, எந்த ரோடு வாய்க்காலை மறிக்கிறது என்பது பளிச்சென்று தெரியும் அல்லவா? இதைத்தான் கம்ப்யூட்டர் செய்கிறது.

"மேடான நிலம் வேண்டும். நஞ்செய் கூடாது. ஏரியில் இருந்து தள்ளி இருக்க வேண்டும். ரோடு பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கே?"

இப்படிக் கேட்டால், பொருத்தமான இடங்களை மட்டும் அது பொறுக்கிக் காட்டும். கையால் செய்தால் மாதக் கணக்கில் ஆகும் வேலை!

லண்டன் முதல் ஸ்ரீஹரிகோட்டா வரை

படத்தை வைத்து உண்மையைக் கண்டுபிடிப்பது பழைய வித்தைதான். 1854-ல் லண்டனில் காலரா பரவியது. ஜான் ஸ்நோ என்ற டாக்டர், யார் யார் எந்த வீட்டில் இறந்தார்கள் என்று தெருப் படத்தில் குறித்தார். ஒரு குடிநீர்க் குழாயைச் சுற்றியே சாவுகள் குவிந்திருந்தன. குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இந்தியாவை அளக்கும் பெரும் பணி, 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே தொடங்கியது. லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, எஃகுச் சங்கிலியைக் கொண்டு அளந்தார்.

1960-களில் கானடாவில் ராஜர் டாம்லின்சன் என்பவர், நாட்டின் நில விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முறையை உருவாக்கினார். ஜி.ஐ.எஸ். பிறந்தது அப்படித்தான்.

பிறகு வானத்தில் இருந்தே அளக்கும் காலம் வந்தது. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள தீவு ஸ்ரீஹரிகோட்டா. படம் வரைவதற்கென்றே உருவான கார்ட்டோசாட்-1 என்ற செயற்கைக்கோள், 2005 மே 5-ந் தேதி அங்கிருந்துதான் கிளம்பியது. 600 கிலோ மீட்டருக்கும் மேலே பறந்தபடி, இரண்டு காமிராக்களால் படம் பிடித்தது. அந்தப் படங்களைக் கொண்டு நிலத்தின் மேடு பள்ளத்தையும் கணக்கிட முடிந்தது.

மீஞ்சூர் சொல்லும் பாடம்

படத்தைப் பார்க்காமல் நடந்தால் என்ன ஆகும்? மீஞ்சூரைப் பாருங்கள்.

அந்தப் பக்கத்தில் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தார்கள். விவசாயம், தொழிற்சாலை, சென்னையின் குடிநீர் எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்தான். நல்ல தண்ணீர் கீழே இறங்கியது. கடல்நீர் பல கிலோ மீட்டர் தூரம் பூமிக்கு அடியில் உள்ளே புகுந்தது. கிணறுகள் உப்புக் கரித்தன.

பின்னர் 2010-ல், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அருகிலேயே காட்டுப்பள்ளியில் அமைந்தது. அது நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் தண்ணீர் தரக்கூடியது. கிணற்றில் ஊறிய தண்ணீரைக் கெடுத்துவிட்டு, கடல் தண்ணீரைக் காசு கொடுத்துக் காய்ச்சாத குறையாகக் குடிக்க வேண்டிய நிலை!

கிணறு கிணறாக உப்பின் அளவை ஆண்டுதோறும் படத்தில் குறித்தால், கடல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது கோடு போட்டாற்போலத் தெரியும். எங்கே இறைப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

தாத்தாவையும் கேட்க வேண்டும்

ஆனால் கம்ப்யூட்டர் சர்வக்ஞன் அல்ல. கொடுத்ததைத்தான் அது சொல்லும்.

மே மாதத்தில் எடுத்த படத்தில் வற்றிய ஏரி வெறும் மைதானம் போலத் தோன்றும். தூர்ந்த வாய்க்கால் தரிசு போலத் தெரியும். ஆகவே மழைக்காலப் படமும் வேண்டும். பழைய கிராம வரைபடமும் வேண்டும். "அந்த வருஷம் தண்ணீர் இங்கே வரை வந்தது" என்று கை காட்டும் கிராமத்துப் பெரியவரின் சொல்லும் படத்தில் ஏற வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளம் சென்னையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் மூழ்கடித்தது. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும் என்பதை அன்று எல்லோரும் கண்டார்கள்.

படம் அதிகாரிகளுக்கு மட்டும் உரியது அல்ல. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் 'புவன்' இணையதளத்தை 2009 முதல் யாரும் பார்க்கலாம். பட்டா, சிட்டா, புல வரைபடம் ஆகியவற்றைத் தமிழக அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். மனை வாங்குமுன் அந்த சர்வே எண் வாய்க்காலா, ஏரிப் புறம்போக்கா என்று வீட்டில் படித்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரோட்டை மாற்றிப் போடலாம். தொழிற்சாலையை வேறு இடத்தில் கட்டலாம். ஏரியை மட்டும் தூக்கி வைக்க முடியாது!