சொந்த சர்வரில் குடும்பப் படங்கள்: பெயர்கள் எங்கே தங்கும்?

இலவசம் என்ற சொல்லை நம்பித் தம் படங்களையெல்லாம் பிறரிடம் ஒப்படைத்தவர்களுக்குச் சென்ற சில ஆண்டுகளில் நேர்ந்த ஏமாற்றங்கள், சொந்த சர்வரில் ஒரு படத்தளம் அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தைச் சாதாரணக் குடும்பஸ்தர்களிடம்கூட விதைத்திருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் நடுவில், ஏராளமான படங்களைத் தன்னிடம் வைத்திருந்த வெளிநாட்டுச் சேவையொன்று, அவை பிற தளங்களில் தோன்ற வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் கட்ட வேண்டும் என்று விதியை மாற்றியபோது, பயண வர்ணனைகளிலும் கைத்தொழில் விளக்கங்களிலும் பல்லாண்டுகளாக இடம்பெற்றிருந்த படங்கள் மறைந்து, அவை இருந்த இடங்களில் கட்டண அறிவிப்பு மட்டும் நின்றது. 2021 ஜூன் மாதம் முதல், அளவில்லாமல் சேமிக்கலாம் என்று கூறிவந்த மற்றொரு சேவை, 15 ஜிபி-க்கு மேற்பட்டதற்குப் பணம் கேட்கத் தொடங்கிற்று. இவற்றைக் குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை; வியாபாரத்தின் நியாயம் அது. ஆனால் பாட்டனார் கல்யாணப் படத்தின் பாதுகாப்பு வேறொருவருடைய வியாபார நியாயத்தைப் பொறுத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியில் எடுக்கும் படங்கள் தாமாகவே வந்து சேர வேண்டும் என்பவர்கள் இம்மிச்சை நாடுகிறார்கள். ஒரு சர்வரில் இருப்பவர் மற்றொரு சர்வரில் இருப்பவருடைய படங்களைத் தொடர்ந்து பார்க்கத்தக்க கூட்டமைப்பில் சேர விரும்புகிறவர்களுக்கு 2018-இல் தோன்றிய பிக்ஸெல்ஃபெட் இருக்கிறது. ஆல்பங்களாக அடுக்கி, இன்னார் இன்னதை மட்டும் பார்க்கலாம் என்று வரையறுத்து, உற்றார் உறவினருக்குக் காட்ட விரும்புகிறவர்களுக்கோ, 2002-இல் பிஎச்பி வெப்கேலரி என்ற பெயரில் பிரான்ஸில் தொடங்கி 2009-இல் பெயர் மாறிய பிவிகோவே என் அபிப்பிராயத்தில் உத்தமமானது. மாத வாடகைக்கு ஒரு சிறிய விபிஎஸ், அதில் டெபியன், என்ஜின்எக்ஸ், பிஎச்பி, மரியாடிபி, ஒரு டொமைன் பெயர், 90 நாளில் காலாவதியாகித் தானே புதுப்பித்துக்கொள்ளும் இலவசச் சான்றிதழ் ஆகியவற்றை நிறுவும் விவரம் வாசகர்கள் அறிந்ததே. வீட்டிலேயே ஒரு பெட்டியை வைத்து நடத்தலாமே என்று நினைப்பவர்கள், நம் நாட்டு பிராட்பேண்டு இணைப்புகள் பலவற்றில் பல வீடுகள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும், அவ்வாறிருக்க வெளியூரிலுள்ள உறவினர் அப்பெட்டியை நேரே வந்தடைய வழியில்லை என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

படங்களை ஏற்றத் தொடங்கியதும் தொல்லை எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் பலர் சோர்ந்துபோகிறார்கள். என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பி-க்கு மேற்பட்ட எதையும் உள்ளே விடுவதில்லை. அதைத் தளர்த்தினால், பிஎச்பி தன் பங்குக்கு 2 எம்பி-யில் நிறுத்துகிறது. இக்காலத்துக் கைப்பேசிப் படமோ சாதாரணமாக 4, 5 எம்பி இருக்கும். பிவிகோ தன் பக்கத்தின் வழியே ஏற்றும் படத்தைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பிச் சர்வரில் ஒன்றுசேர்ப்பதால் இவ்விரு தடைகளிலிருந்தும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மற்ற மென்பொருள்களைத் தேர்ந்தவர்கள் இரண்டு இடத்திலும் எல்லையை உயர்த்தியாக வேண்டும். அதன் பிறகும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோப்பாக இருக்கும்போது சுருங்கியிருக்கும் படம், சிறுபடம் செய்வதற்காக நினைவகத்தில் விரிக்கப்படும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் கேட்கிறது. 48 மெகாபிக்ஸல் படமென்றால் 192 எம்பி. பிஎச்பி-யின் இயல்பான நினைவக எல்லையோ 128 எம்பி. படம் ஏறிவிட்டது, ஆனால் சிறுபடம் மட்டும் தோன்றவில்லை என்று கூறுகிறவர்களுக்கு நேர்ந்திருப்பது பெரும்பாலும் இதுவே. இமேஜ்மேஜிக்கைச் சர்வரில் நிறுவிவிட்டால் பிவிகோ அதனிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடும்.

அசலையும் பிரதியையும் பிரித்து வைத்தலே படத்தளத்தின் பிரதான தர்மம். கைப்பேசி எடுத்த அசல் கோப்பில், எடுத்த நேரம், கருவி, லென்ஸ் முதலியவற்றோடு, ஜிபிஎஸ் அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதப்பட்டிருக்கும். குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் பொது ஆல்பத்தில் இட்டவர், தம் வீட்டு வாசலைச் சில மீட்டர் துல்லியத்தில் உலகுக்குச் சொல்லிவிட்டதை அறியமாட்டார். ஆகவே பொதுவில் தோன்றும் பிரதிகளில் மெட்டாடேட்டா எனப்படும் இவ்விவரங்கள் தங்கியிருக்கின்றனவா என்று ஒவ்வோர் அளவிலும் ஒரு படத்தைப் பதிவிறக்கிச் சோதிக்க வேண்டும். அசலைப் பெறும் உரிமையை நெருங்கிய உறவினருக்கு மட்டும் வைக்க வேண்டும். அச்சத்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவதும் தவறு. கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் எப்பக்கம் நிமிர்ந்தது என்ற குறிப்பும் அதே மெட்டாடேட்டாவில்தான் இருக்கிறது. படத்தைத் திருப்பி வைக்காமல் அக்குறிப்பை அழித்தால், எல்லோரும் பக்கவாட்டில் படுத்துக் கிடப்பார்கள்.

இதுகாறும் சொன்னவை யாவும் பிரயாசையால் தீரக்கூடியவை. எனக்கு உறக்கம் கெடுக்கும் கவலை வேறொன்று: படம் பிழைத்துவிடும், படத்தில் இருப்பவர் யார் என்ற விவரம் பிழைக்காது.

முற்காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் குழுப்படங்களைத் தடித்த அட்டையில் ஒட்டி, கீழே அழகிய எழுத்தில், அமர்ந்திருப்போர் இடமிருந்து வலம், நிற்போர் இடமிருந்து வலம் என்று பெயர்களை எழுதித் தருவார்கள். பின்னாளில் அட்டை பூஞ்சணம் பிடித்ததென்று யாரோ ஒருவர் படத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புதுச் சட்டத்தில் மாட்டியபோது, முகங்கள் தப்பின, பெயர்கள் குப்பைக்குப் போயின. இன்று படத்தளம் அமைக்கும் நம்மவர்கள் செய்வதும் சரியாக இதுவே. பிவிகோவில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, தலைப்பும் வர்ணனையும் குறிச்சொற்களும் இட்டு முடிக்கிறார்கள். அவையனைத்தும் மரியாடிபி-யின் அட்டவணைகளில் போய் அமர்கின்றன, படக்கோப்புக்குள் ஓரெழுத்தும் நுழைவதில்லை. அதுமட்டுமன்று. ஏற்றப்பட்ட கோப்பின் பெயரைப் பிவிகோ நேரமும் ஒரு குறியெண்ணும் சேர்ந்த புதிய பெயராக மாற்றி, ஆண்டு, மாதம், நாள் என்ற அடுக்கில் வைக்கிறது. ‘பெரியத்தை கல்யாணம்’ என்று நாம் வைத்திருந்த பெயர் தரவுத்தளத்தில் மட்டும் மிஞ்சுகிறது. ஆல்பம் என்று நாம் காண்பதும் வட்டில் இருக்கும் உறை அல்ல. அதுவும் தரவுத்தளத்தில் உள்ள ஓர் உறவுமுறைதான். ஆகவே படங்களை மட்டும் ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வைத்துக்கொண்டு பேக்கப் ஆயிற்று என்று நிம்மதி அடைந்தவர், சர்வர் அழிந்த நாளில், எண்களால் பெயரிடப்பட்ட ஆயிரக்கணக்கான அநாமதேய முகங்களைத்தான் கையில் வைத்திருப்பார். நன்கு பரவியிருந்த கேலரி என்ற மென்பொருளின் வளர்ச்சி 2014-இல் நிறுத்தப்பட்டபோது, அதில் வர்ணனை எழுதி வைத்திருந்தவர்கள் வேறு மென்பொருளுக்கு அதைக் கொண்டுசெல்லப் பட்ட பாட்டை நினைத்தால் இது மிகையன்று என்பது விளங்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் ஒரு படி அதிகம். மரியாடிபி-யின் மூலமான மைஎஸ்கியூஎல்-இன் 5.7 பதிப்பு வரை இயல்பான எழுத்துக் குறியீடு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது, 8.0 பதிப்பில்தான் ஒருங்குறி இயல்பாயிற்று. பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறும்போது குறியீடு பிசகினால், தமிழ் வர்ணனை முழுவதும் விசித்திர எழுத்துகளாகும், அல்லது கேள்விக்குறிகளாகும். முன்னதைச் சிரமப்பட்டு மீட்கலாம். பின்னதை எந்தக் கைதேர்ந்தவராலும் மீட்க இயலாது, ஏனெனில் கேள்விக்குறிக்குள் மூல எழுத்து இல்லை. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற குறியீடுகளை வகுத்ததையும், 2010-இல் ஒருங்குறிக்கு அரசாணை வந்ததையும், அவ்விடைக்காலத்தில் எத்தனையோ எழுத்துருக்களில் எழுதப்பட்டவை இன்று திறந்தால் படிக்க இயலாதிருப்பதையும் அறிந்த தலைமுறையினராகிய நாம், இதில் அசிரத்தையாக இருப்பதற்கு நியாயமே இல்லை.

பரிகாரம் உண்டு. பெயரும் ஊரும் ஆண்டும் கோப்புக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். இதற்காகவே பத்திரிகை உலகம் 1990-களின் தொடக்கத்தில் ஐபிடிசி என்ற முறையை வகுத்தது. பின்னர் 2001-இல் எக்ஸ்எம்பி வந்தது. டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளில், விவரங்களைக் கோப்பிலேயே எழுத வேண்டும் என்ற தேர்வை உறுதிசெய்துகொண்டு, முதலில் வீட்டுக் கணினியில் எழுதிவிட்டு, அதன் பிறகே படத்தைச் சர்வருக்கு ஏற்ற வேண்டும். பிவிகோ இயல்பாக ஐபிடிசி-யைப் படிப்பதில்லை. உள்ளமைவுக் கோப்பில் படிக்கும்படி சொல்லிவிட்டால், கோப்பில் உள்ள தலைப்பையும் வர்ணனையையும் தானே எடுத்துக்கொள்ளும். அப்போது சொற்கள் இரண்டிடத்தில் இருக்கும். தரவுத்தளம் அழிந்தாலும் கோப்பு பேசும்.

ஆனால் ஐபிடிசி நம்மை எண்ணிச் செய்யப்பட்டதன்று. வர்ணனைக்கு 2000 பைட், குறிச்சொல்லுக்கு 64 பைட் என்று அதில் வரம்பு உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒருங்குறியின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும், மெய்யெழுத்தோ உயிர்மெய்யோ பெரும்பாலும் இரண்டு குறிகளால் ஆவது. ‘தஞ்சாவூர் பெரியகோயில்’ என்ற குறிச்சொல் 61 பைட், தப்பித்தது. ‘திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில்’ 101 பைட்; அது பாதியில் வெட்டுப்படும். அன்றியும், இது யுடிஎஃப்-8 எழுத்து என்ற அடையாளம் கோப்பில் இல்லாவிட்டால், படிக்கும் மென்பொருள் அதை ஐரோப்பிய எழுத்தாகக் கொண்டு குழப்பிவிடும். எக்ஸ்எம்பி-யில் இத்தொல்லைகள் இல்லை. அது பிறப்பிலேயே ஒருங்குறியில் எழுதுவது. இரண்டிலும் எழுதிவைப்பதே விவேகம். எக்ஸிஃப்டூல் என்ற கருவி அவ்வடையாளத்தையும் சேர்த்து எழுதவல்லது. இயல்பாக மாற்றுவதற்கு முன் இருந்த கோப்பை ஒரு பிரதியாக வைத்துவிட்டே எழுதுவது அதன் நற்குணம்.

பெரிய சேவைகளில் முகங்களை இயந்திரமே அடையாளம் கண்டு அடுக்கித் தருகிறதே, அவ்வளவு பிரயாசை எதற்கு என்று கேட்பவர் உளர். இரண்டு படங்களிலும் இருப்பவர் ஒருவரே என்பதை இயந்திரம் சொல்லும், அவர் யாரென்பதை வீட்டில் ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். ‘சித்தப்பா, அத்தை, நான்’ என்று எழுதுகிறவர் தம்மை மையமாக வைத்து எழுதுகிறார். அவருடைய பேரன் படிக்கும்போது யாருக்கு அத்தை, யார் அந்த நான் என்பது விளங்காது. முழுப்பெயர், தகப்பனார் பெயர், ஊர், படத்தில் நிற்கும் வரிசை ஆகியவற்றை எழுதிவிட்டு உறவுமுறையைப் பின்னர் சேர்க்கலாம். ஒரு குடும்பத்திலேயே மூன்று சுப்பிரமணியன்கள் இருக்கும் நாட்டில் வெறும் பெயர் போதாது. தேதியில் ஒரு பிசகு எல்லா வீட்டிலும் நேர்கிறது: பழைய அச்சுப்படத்தை ஸ்கேன் செய்தால் கோப்பில் பதிவாவது பெரும்பாலும் ஸ்கேன் செய்த நாள். 1958-ஆம் ஆண்டுக் கல்யாணம் சென்ற ஆண்டு நடந்ததுபோல் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். நாள் தெரியாவிட்டாலும் ஆண்டைத் திருத்த வேண்டும். எக்ஸ்எம்பி-யில் ஆண்டு மட்டும் எழுதினாலும் செல்லும். செய்திச் செயலிகள் வழியே வந்த படங்களில் மெட்டாடேட்டா பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும்; அவற்றுக்கு எல்லாவற்றையும் புதிதாகவே எழுதியாக வேண்டும், இயன்றால் எடுத்தவரிடமிருந்து அசலையே கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வேலைக்குக் காலக்கெடு உண்டு என்பதே என் மனத்தை மிகவும் அரிக்கிறது. சர்வர் வாடகை அடுத்த மாதம் கட்டலாம், மென்பொருள் அடுத்த ஆண்டு நிறுவலாம். அந்தக் குழுப்படத்தில் பின்வரிசையில் நிற்பவர் யாரென்று சொல்லக்கூடிய பாட்டி எண்பத்தெட்டு வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். தளம் அமைக்க முனைகிற ஒவ்வொருவரும், சர்வரைத் தொடுவதற்கு முன்பே, ஸ்கேன் செய்த படங்களை ஒரு டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டி, அவள் சொல்லுவதைக் குரற்பதிவாக எடுத்து, அன்றிரவே கோப்புகளில் ஏற்றிவிட வேண்டும். பின்னர் அவற்றுள் ஒன்றை எடுத்து, பிவிகோவோ டிஜிகேமோ இல்லாத வேறொரு கணினிக்கு நகலெடுத்து, அதன் விவரங்களைத் திறந்து பார்க்க வேண்டும். பெயர்கள் தமிழில், முழுமையாக, வெட்டுப்படாமல் தெரிந்தால் அடுத்த ஆல்பத்தைத் தொடங்கலாம். கேள்விக்குறி தெரிந்தால், குறியீட்டைச் சரிசெய்யும் வரையில் மேற்கொண்டு ஒரு படத்தையும் ஏற்றலாகாது.