நரம்பு வேதனையும் பிராணவாயுவும்

புற்றுநோய் தணிந்து வீடு திரும்பியவர் சட்டைப் பொத்தானைப் போட இயலாமல் தவிக்கிறார். செருப்பு கழன்றதை அறியாமல் நடக்கிறார். இரவில் பாதங்கள் தணல்மேல் வைத்தாற்போல் எரிகின்றன. பெரும்பாலும் இது நோய் திரும்பியதன் அறிகுறியன்று. நோயைத் தீர்த்த மருந்தே நரம்பில் விட்டுச் சென்ற வடு.

வின்கிரிஸ்டீன், பாக்ளிடாக்ஸெல், ஸிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் முதலியவை இவ்வகை மருந்துகள். வின்கிரிஸ்டீன் நம் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. உயிரணு இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழல்களைக் குலைத்து, அது புற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆனால் நரம்பிழைக்குள் சத்துப்பொருள்கள் செல்லும் பாதையும் அதே நுண்குழல்கள்தாம். முதுகின் அடியிலிருந்து கால்விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும் இழைகளே முதலில் வாடுகின்றன. நீர் குறைந்த வாய்க்காலில் கடைமடை வயல் காய்வது போல. பிளாட்டின மருந்துகளோ முள்ளந்தண்டை அடுத்த நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுவதால், சிகிச்சை முடிந்து சில மாதங்கள் வரையிலும் வேதனை வளர்வதுண்டு.

இதற்கு அழுத்தப் பிராணவாயு சிகிச்சை பயன்படுமா என்று ஆராயப்பட்டு வருகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே காணும் சிலிண்டர் வேறு, இது வேறு. மூடிய அறையில் 2 முதல் 2.5 வாயுமண்டல அழுத்தத்தில், ஒரு முறைக்குச் சுமார் 90 நிமிஷம், நோயாளி சுத்தப் பிராணவாயுவைச் சுவாசிப்பார். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கையில் 100 மி.லி. ரத்தத்தில் 0.3 மி.லி. பிராணவாயுவே கரைந்திருக்கும், எஞ்சியதைச் சிவப்பணுக்கள் சுமக்கின்றன. 3 வாயுமண்டல அழுத்தத்தில் சுத்தப் பிராணவாயுவைச் சுவாசித்தாலோ, கரைவது ஏறத்தாழ 6 மி.லி. ஆகிறது. சிவப்பணுக்கள் அநேகமாக நீக்கப்பட்ட பன்றிகளும் இத்தகைய அறையில் உயிர் வாழ்ந்ததை, ஆம்ஸ்டர்டாம் நகரத்து போரீமா 1960இல் வெளியிட்டார்.

மூழ்குவோருக்கு அழுத்த மாறுதலால் வரும் நோய், கார்பன் மோனாக்ஸைடு நஞ்சு, ஆறாத நீரிழிவுப் புண் ஆகியவற்றுக்கு இச்சிகிச்சை ஏற்கப்பட்டதே. நரம்பு வேதனைக்கு அந்நிலை இன்னும் வரவில்லை. பாக்ளிடாக்ஸெல் கொடுத்த எலிகளில் வேதனை குறைந்தது உண்மை. எலியில் கண்டதை மனிதருக்கு உறுதியாகச் சொல்லத் துணியலாகாது. மேலும், ஸிஸ்பிளாட்டின் பெற்றுவரும் காலத்தில் அழுத்த அறையைப் பொதுவாகத் தவிர்ப்பர். பிளியோமைசின் பெற்றவரின் நுரையீரலுக்கும் அபாயம் உண்டு. காது வலி சாதாரணம், வலிப்பு அரிது. ஆகவே, நிலத்தை விற்றேனும் இதற்குச் செலவிடலாமா என்று கேட்பவரை, முதலில் சிகிச்சையளித்த வைத்தியரிடமே அனுப்புக. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டி, இவ்வலிக்குப் பரிந்துரைப்பது டியூலாக்ஸெடின் என்னும் ஒரே மருந்தைத்தான். அதன் பயனும் மிதமானதே.

மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி மரப்பை மறைப்போர் பலர். அளவைக் குறைத்தோ இடைவெளி விட்டோ நரம்பைக் காக்கும் வாய்ப்பு அதனால் நழுவுகிறது. வீடு சென்று பார்க்கும் ஊழியர் “வலிக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் போதாது. ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, இருட்டில் கால் தள்ளாடுகிறதா என்று கேட்க வேண்டும்; உள்ளங்காலில் புண் உண்டா என்று தாமே பார்க்க வேண்டும். குளிக்கும் வெந்நீரின் சூட்டை நோயாளி தம் காலால் சோதிக்காமல், வீட்டார் ஒருவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்வது நலம்.