நித்திரை மூச்சுக் கருவியும் வயிற்றுப் பொருமலும்

நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய்க்கு வைத்தியர்கள் 'சீபாப்' என்னும் காற்றுக் கருவியைப் பாவிக்கச் சொல்கின்றனர். அதைப் பாவிக்கத் தொடங்கிய சிலர், சில நாட்களிலேயே கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகின்றனர். "காலையில் எழும்பினால் வயிறு பறைபோல ஊதியிருக்கிறது, ஏவறை நிற்பதில்லை" என்பதே அவர்கள் கூறும் காரணம். வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்து, கொழும்பில் ஒருகொடவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் உறவினரோடு ஒற்றை அறையில் வாழும் குடும்பத்துக்கு இக்கருவியைத் தேடிக்கொள்வதே பெரும் பாடு. கடன்பட்டோ, வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசிலோ வாங்கிய ஒன்றை வீணே கிடக்க விடலாமா? இப்பொருமலைக் குறைக்க வழிகள் உண்டு. அவற்றை இங்கு பார்ப்போம்.

நோயும் கருவியும்

நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை மூச்சுப் பாதையை அடைத்துவிடும். பலத்த குறட்டை, பின் திடீர் அமைதி, பின் திணறலுடன் ஒரு மூச்சு என இரவு கழியும். 10 செக்கன் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் இத்தகைய தடைகள் மணிக்கு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோய் எனக் கொள்ளப்படும். 30ஐ எட்டினால் கடுமையான நோய். கவனியாது விட்டால் இரத்த அழுத்தம் ஏறும், இருதயம் பாதிக்கப்படும். பகலில் கண்ணைச் சுழற்றும் நித்திரை வரும். உழவு இயந்திரம் ஓட்டுபவருக்கும், பேஸ்லைன் வீதியில் கொள்கலன் லொறி ஓட்டுபவருக்கும் அது உயிராபத்து.

1981ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வைத்தியர் கொலின் சலிவனும் சகாக்களும் இதற்கொரு வழியை வெளியிட்டனர். மூக்கு வழியே மெல்லிய அமுக்கத்துடன் காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடாது என்பதே அது. இன்றைய கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 வரையான அமுக்கத்தில் இயங்குகின்றன. இந்த எண்கள் நீரின் ஆழத்தைச் சென்ரிமீற்றரில் குறிப்பவை. பப்பாசி இலைத் தண்டின் நுனியைத் தண்ணீருக்குள் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விட்டு, குமிழி வரும்வரை ஊதிப் பாருங்கள். அதுவே 10 என்னும் அமுக்கம்.

காற்று வயிற்றுக்குள் போவது எப்படி?

தோட்டத்துக்கு இறைப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே வாய்க்காலிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. ஒன்றுக்குத் தண்ணீர் போகவேண்டும், மற்றதன் மடையை மண் வைத்துக் கட்டியிருக்கிறோம். மிசின் வேகம் கூடினாலோ மடைக்கட்டு இளகினாலோ தண்ணீர் அடுத்த பக்கமும் பாயும். தொண்டையிலும் மூச்சுக்குழாய், உணவுக்குழாய் என இரு வழிகள் உள்ளன. உணவுக்குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் உள்ள வளையத் தசைகளே மடைக்கட்டு. அமுக்கம் கூடும்போதும், தசை தளரும்போதும், பயத்திலோ மூக்கடைப்பிலோ நாம் அடிக்கடி விழுங்கும்போதும் காற்று இரைப்பைக்குள் இறங்கிவிடுகிறது. நெஞ்செரிவு உள்ளவர்களிடம் இத்தொல்லை கூடுதலாகக் காணப்படுவதாக 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

எந்த வாயு?

காலையில் வயிறு ஊதியிருந்து, ஏவறை விட்டும் காற்றுப் பிரிந்தும் மதியத்துக்குள் இறங்கினால் பெரும்பாலும் அது கருவியின் காற்று. பருப்பு, கௌபி, பலாக்கொட்டை போன்றவற்றை உண்ட சில மணி நேரத்தின் பின் வருவது பெரும்பாலும் உணவால் வருவது. இஞ்சியும் மல்லித் தண்ணீரும் ஓமமும் சற்று இதம் தரலாம். ஆனால் கருவியின் காற்று உள்ளே போவதை அவை தடுக்கமாட்டா.

ஒன்றை மறவாதீர்கள். நெஞ்சை அமுக்கும் நோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சிளைப்பு என்பன வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சுடுநீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். வயிறு கல்லாகி, வாந்தியும் கடும் வலியும் கண்டாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. இரவுச் சாப்பாட்டை நித்திரைக்கு 3 மணி நேரம் முன்னரே, அளவாக முடியுங்கள். சோடா வகைகளைத் தவிருங்கள். மதுபானம் தொண்டையை மேலும் தளர்த்தும். வைத்தியரைக் கேளாமல் நித்திரைக் குளிசையும் வேண்டாம்.

2. இடப்பக்கம் சரிந்து படுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து 15 சென்ரிமீற்றர் அளவு உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் கழுத்து மடிந்து மூச்சுப் பாதை இன்னும் ஒடுங்கும்.

3. மூக்கடைப்பு இருந்தால் வாய் திறக்கும், விழுங்குதலும் கூடும். வீதித் தூசு நிறைந்த இடங்களில் இது சாதாரணம். இதற்கு மருந்து கேளுங்கள். வாயைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவது ஆபத்து.

4. முகமூடியை நாளாந்தம் சவர்க்காரமிட்டுக் கழுவிக் காயவிடுங்கள். காற்று ஒழுகாதபடி அணியுங்கள்.

5. புதிதாகத் தொடங்குபவர் பகலில் அரை மணி நேரம் வானொலி கேட்டுக்கொண்டே அணிந்து பழகலாம். பயம் தெளிந்தால் விழுங்குவதும் குறையும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

அமுக்க எண்ணை நாமாக மாற்றக்கூடாது. குறைத்தால் பொருமல் குறையும், ஆனால் மூச்சு மீண்டும் தடைப்படும். ஒரு வாரத்துக்குக் கருவியைப் பாவித்த மணி நேரம், காலையில் வயிற்றின் நிலை, நெஞ்செரிவு ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறியுங்கள். அதைக் கிளினிக்கில் காட்டி, "அமுக்கம் கூடுதலா? மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும்படி வைக்கலாமா? மூச்சு விடும்போது அமுக்கம் குறையும்படி செய்யலாமா? தானாக அமுக்கத்தை மாற்றிக்கொள்ளும் கருவி எனக்குப் பொருந்துமா? நெஞ்செரிவுக்கு மருந்து தேவையா?" எனக் கேளுங்கள். இவற்றுள் ஒன்றிரண்டு மாற்றங்களே பலருக்குப் போதுமாகின்றன. ஒருகொடவத்தையில் இருப்பவர்களுக்கு, களனி ஆற்றைக் கடந்து நீர்கொழும்பு வீதியில் வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கிறது. அருகிலுள்ள வைத்தியரிடம் கடிதம் பெற்றுச் செல்வது நல்லது.

இடம் மாறி மாறி வாழும் எமக்கு இன்னுமொரு கவனம் தேவை. அமுக்க எண்ணையும் முகமூடியின் அளவையும் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி, பொலித்தீன் உறையில் வையுங்கள். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவைப் பகுதி வீடுகள் பல நீரில் மூழ்கின. அப்படியொரு நாளில் அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் கையில் எடுக்க வேண்டியவற்றுள் இக்கருவியும் கொப்பியும் சேரட்டும்.