சுண்டெலி சொன்ன சாட்சி



மதியம் தயிர்சாதம் சாப்பிட்டீர்களா? நீங்கள் சாப்பிட்ட ஒரு கரண்டித் தயிரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உயிரோடு இருந்திருக்கும். ஐயோ என்று பயந்துவிடாதீர்கள்! பாலைத் தயிராக்குவதே அவைதான். நம் தாத்தாவின் தாத்தா காலத்துக்கும் முன்பிருந்தே தயிர் சாப்பிட்டு வருகிறோம். அத்தனை தலைமுறைகளும் தயிருக்குச் சாட்சி.

இப்போது மருந்துக் கடைகளில் 'புரோபயாடிக்' என்று மாத்திரையும் பொடியும் விற்கிறார்களே, அவற்றிலும் இருப்பது உயிருள்ள நுண்ணுயிர்கள்தான். போதிய அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாடிக் என்று 2001-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு விளக்கம் தந்தது.

சரி, புதிதாக ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, கோடிக்கணக்கில் வளர்த்து, மாத்திரைக்குள் அடைக்கிறார்கள். அது கெடுதல் செய்யாது என்பதற்கு யார் சாட்சி?

அந்தச் சாட்சி ஒரு சின்னஞ்சிறு வெள்ளைச் சுண்டெலி!

பெரியவர் குடித்த புளித்த பால்

எலி மெட்ச்னிகாஃப் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ரஷ்யப் பேரரசில் பிறந்து, பாரிஸ் நகரில் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரிய நாட்டுக் கிராமத்து மக்கள் நீண்ட நாள் வாழ்வதற்குப் புளித்த பால் காரணமாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். தாமும் அதை அருந்தி வந்தார்.

ஒருவர் குடித்து நன்றாக இருந்தால் போதுமா? போதாது! அவருக்கு ஒத்துக்கொண்டது மற்றவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் முறையான சோதனை வேண்டும்.

நியூசிலாந்தில் நடந்த சோதனை

2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்து விஞ்ஞானிகள் மூன்று வகைப் பாக்டீரியாக்களைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றுக்கு எச்.என்.001, எச்.என்.017, எச்.என்.019 என்று எண் கொடுத்திருந்தார்கள். எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா?

முதலில் சுண்டெலிகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பாக்டீரியா கிடையாது. மற்றக் குழுக்களுக்குக் குறைவான அளவு, நடுத்தர அளவு, மிக அதிக அளவு என்று நாள்தோறும் 4 வாரங்களுக்குக் கொடுத்தார்கள். மிக அதிக அளவு என்றால் எவ்வளவு? ஒரு கிலோ உடல் எடைக்கு இரண்டரை லட்சம் கோடி என்ற கணக்கில்!

பாக்டீரியா கொடுக்காத குழு எதற்கு என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. திடீரென்று எலிகள் இளைத்துப் போனால், காரணம் பாக்டீரியாவா, வெயிலா, தீவனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றுமே கொடுக்காத எலிகளும் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம். இதற்கு 'ஒப்பீட்டுக் குழு' என்று பெயர்.

எவ்வளவு சாப்பிட்டன, எவ்வளவு தண்ணீர் குடித்தன, எடை ஏறியதா, சுறுசுறுப்பாக இருந்தனவா என்று கவனித்தார்கள். ரத்தத்தையும் சோதித்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியா, குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விட்டதா? வீட்டுக்கு வந்த விருந்தாளி கூடத்தில் இருக்கும்வரை நல்லவர். பூட்டிய அறைக்குள் புகுந்தால் ஆபத்து அல்லவா?

அந்தச் சோதனையில் விருந்தாளி எல்லை தாண்டவில்லை. எலிகளுக்குக் கெடுதல் எதுவும் காணப்படவில்லை.

குட்டிகள் தந்த எச்சரிக்கை

அப்படியானால் எல்லாருக்கும் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள்! அந்தச் சுண்டெலிகள் ஆரோக்கியமானவை. நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத எலிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

இதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சோதித்து, 1997-ல் வெளியிட்டார்கள். பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி குறைந்த சுண்டெலிகளுக்கு நான்கு வகைப் புரோபயாடிக் பாக்டீரியாக்களைக் கொடுத்தார்கள். வளர்ந்த எலிகள் தாக்குப்பிடித்தன. ஆனால் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்த பச்சிளம் குட்டிகளில் சில, இரண்டு வகைப் பாக்டீரியாக்களால் இறந்துபோயின.

படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் அந்தக் குட்டிகள் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போயின. வலுவானவருக்கு நல்லதாக இருப்பது பலவீனமானவருக்கு ஆபத்தாகலாம் என்பதே அது.

2023-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பிறக்கும்போது ஒரு கிலோகூட எடை இல்லாத குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு மருத்துவமனையில் புரோபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி, குழந்தை இறந்துவிட்டது. இது எலிக்குட்டிகளுக்குக் கொடுத்ததிலிருந்து வேறு வகைப் பாக்டீரியாதான். ஆனாலும் பாடம் ஒன்றே!

எலிக்கும் உயிர்தானே?

ஆமாம், எலிக்கும் வலிக்கும். சோதனையின் முடிவில் உறுப்புகளைப் பார்ப்பதற்காகப் பெரும்பாலும் அவற்றின் உயிரையே எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் 1959-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்ற இருவர் மூன்று நெறிகளை வகுத்தார்கள். விலங்கு இல்லாமல் செய்ய முடிந்தால் அப்படியே செய்ய வேண்டும். முடியாவிட்டால், இயன்ற அளவு குறைவான விலங்குகளையே பயன்படுத்த வேண்டும். அவற்றுக்கும் வலியும் துன்பமும் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-ல் புரோபயாடிக் உணவுகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டன. நீண்ட காலம் பாதுகாப்பாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் உள்ள பாக்டீரியாவுக்கு மறுபடியும் நச்சுத்தன்மைச் சோதனை தேவைப்படாமல் இருக்கலாம் என்று அவை கூறுகின்றன. பார்த்தீர்களா? தேவையில்லாமல் ஓர் எலிகூடத் துன்பப்படக் கூடாது!

ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அருகே, 2013-ல் ஆய்வுக்கூட எலிக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். மூக்குக் கண்ணாடி அணிந்த எலியம்மா, கையில் ஊசிகளுடன் டி.என்.ஏ. இழையைப் பின்னிக்கொண்டிருக்கிறாள்! அந்தச் சிறிய உயிருக்கு மனிதர்கள் சொன்ன நன்றி அது.

கண்மணிகளே! நீங்களும் ஒரு வகையில் நன்றி சொல்லலாம். 'உடலுக்கு நல்லது' என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்காதீர்கள். "யாருக்கு நல்லது? எவ்வளவு கொடுத்தால் நல்லது? சோதித்துப் பார்த்தார்களா?" என்று கேளுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ, நோயுற்ற தாத்தா, பாட்டியோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் நினைவுபடுத்துங்கள்.

எலி உயிரைக் கொடுத்துச் சொன்ன சாட்சியை, நாம் காது கொடுத்தாவது கேட்க வேண்டாமா?